ஆரம் 3000 மண்கல் இயந்திரம்: மகளிர் குழுக்கள் வாங்கலாமா?

நம் ஊர்க் கட்டட வேலையில் பெண்கள் எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் பெரும்பாலும் சித்தாளாகவே இருந்துவிடுகிறார்கள். கரணையும் தூக்குக் குண்டும் அவர்கள் கைக்கு வருவது மிக அரிது. இந்த நிலையை மாற்றும் தொழிலொன்றைத் தேடும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு, மண்ணை அழுத்திச் சுடாத கட்டடக் கல் செய்யும் ஆரம் 3000 இயந்திரமும் அதற்கான பயிற்சியும் எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற நோக்கிலேயே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

1989இல் மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் முயற்சியால் ஆரோவில் கட்டட மையமாகத் தொடங்கி, 2004 முதல் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் இந்த இயந்திரத்தை வடிவமைத்தது. இவ்வகை மண்கற்களால் எழுப்பப்பட்ட ஆரோவில் பார்வையாளர் மையம், ஏழைகளுக்கான கட்டடக் கலைக்குரிய ஹசன் ஃபாத்தி விருதை 1992இல் பெற்றது. மண்வீடு என்றாலே மழையில் கரைந்துவிடும் என்று அஞ்சுபவர்களை அங்கே அழைத்துச் சென்று சுவர்களைக் காட்டுவதே போதிய பதிலாகும்.

இயந்திரத்துக்கு மின்சாரம் தேவையில்லை. நெம்புகோலைக் கையால் இழுத்தால் ஏறத்தாழ 15 டன் விசையில் மண் அழுந்துகிறது. அச்சுகளை மாற்றி முழுக்கல், அரைக்கல், உள்ளீடற்ற கல் எனப் பல வடிவங்களை எடுக்கலாம். கல்லைச் சூளையில் சுட வேண்டியதில்லை என்பதால் விறகுச் செலவும் புகையும் இல்லை. நாட்டுச் செங்கல்லுக்குச் செலவாகும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இதற்குத் தேவைப்படுகிறது என்று அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

ஆயினும் கல்லின் தரத்தைத் தீர்மானிப்பது இயந்திரத்தைவிட மண்ணே. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுத்துச் சலித்து, அதில் மணல் பாதியளவும் களிமண் ஐந்தில் ஒரு பங்கும் இருக்குமாறு சரிசெய்து, சுமார் 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரப்படுத்த வேண்டும். மண்ணைத் தொட்டும் நுகர்ந்தும் கண்ணாடிக் குப்பியில் நீருடன் கலக்கிப் படியவிட்டும் அதன் தன்மையை அறியும் சோதனைகள்தாம் பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. வயலில் வளர்ந்த பெண்களுக்கு இந்த அறிவு பாதியளவு ஏற்கெனவே கைவசம் உள்ளது; அதற்கு ஓர் ஒழுங்கும் அளவும் கிடைத்தால், கலவையைத் தீர்மானிக்கும் பொறுப்பை அவர்களே ஏற்க முடியும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 24 சென்டிமீட்டர் சதுரமும் 9 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட முழுக்கல் ஒன்பது கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. நெம்புகோலை நாள் முழுவதும் இழுப்பதும் கடுமையான வேலை. ஆகவே சலிப்பவர், கலப்பவர், அழுத்துபவர், அடுக்குபவர் என ஆறேழு பேர் முறை மாற்றி வேலை செய்யும் குழுவுக்கே இது ஏற்றது. தனி ஒருவர் முதலீடு செய்வதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆரோவிலில் பல நாட்டவர் கலந்துகொள்ளும் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடப்பதால், உங்கள் ஊர் மண்ணைக் கொண்டு தமிழில் செய்முறைப் பயிற்சி பெற வழியுண்டா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தொழில் கணக்கில் பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. கல் அச்சிலிருந்து வந்த பிறகு நான்கு வாரங்கள் அதை ஈரம் காயாமல் நனைத்துக் காக்க வேண்டும். அதுவரை கூலியும் சிமெண்ட் செலவும் அதிலேயே முடங்கிக் கிடக்கும். வங்கிக் கடன் கோரும்போது இயந்திரத்தின் விலையை மட்டும் காட்டாமல், குறைந்தது இரண்டு மாதச் செலவையும் நடைமுறை மூலதனமாகச் சேர்த்துக் கேட்பது அவசியம். மண் எடுப்பதற்கு உரிய அனுமதியையும் முன்னதாகவே பெற்றுவிட வேண்டும். எடை மிகுந்த இக்கற்களைத் தொலைவுக்கு ஏற்றிச் சென்றால் வண்டி வாடகையே லாபத்தை விழுங்கிவிடும் என்பதால், பக்கத்து ஊர்களையே சந்தையாகக் கொள்வது நல்லது.

கல் செய்வதோடு பயிற்சியை நிறுத்திக்கொள்ளும் குழு, மீண்டும் கொத்தனாரின் விருப்பத்தை நம்பியே விற்க நேரிடும். பழக்கமில்லாத கல்லை அவர் ஏற்காவிட்டால் அடுக்கிய கற்கள் அப்படியே தேங்கும். எனவே சுவர் கட்டும் வேலையையும் உறுப்பினர்களில் சிலரேனும் கற்க வேண்டும். முதலில் செய்யும் கற்களை விற்பனைக்கு அனுப்பாமல், குழுவின் கூட்ட அறையை அவர்களே ரசமட்டம் பிடித்துக் கட்டினால், வாங்க வருபவர்களுக்குக் காட்ட ஒரு கட்டடம் கிடைக்கும். கட்டியவர்களுக்கும் கொத்தனார் கூலியைக் கேட்பதற்கு உரிய சான்று கிடைக்கும்.