வேலூர் வெயிலில் செகண்ட் ஹேண்ட் கேம்ரி ஹைபிரிட்: பேட்டரிக்கு முன்னால் ஃபேனைப் பாருங்கள்

2015 மாடல் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்பவர் ஒருவரிடம் வாங்கினேன். அப்போது 82,000 கிலோமீட்டர், மூன்று வருஷம் கழித்து இப்போது 1,21,000. வாங்கப் போகிறேன் என்றதுமே சத்துவாச்சாரியில் தெரிந்தவர்கள் எல்லோரும் "பேட்டரி போனா வண்டியே போச்சு சார்" என்றார்கள். அதே பயத்தில் தள்ளிப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கூடவே மின் மோட்டார், இரண்டும் சேர்ந்தால் 205 குதிரைத்திறன். இதில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, ஃபேன் பெல்ட்டும் இல்லை. கியர்பாக்ஸை சி.வி.டி. (வழக்கமாக பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் கியர்) என்று சொன்னாலும் உள்ளே பெல்ட் கிடையாது, பல்சக்கரங்கள்தான். பழைய சொகுசு கார்களில் செலவு வைக்கிற சாமான்கள் பாதி இதில் இல்லவே இல்லை. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக்கொள்வதால் பேடும் சீக்கிரம் தேயாது, நான் இன்னும் மாற்றவில்லை.

சரி, பேட்டரிக்கு வருவோம். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, 34 மாட்யூல் (சின்னச் சின்ன பேட்டரித் துண்டுகள்), இரண்டிரண்டாகச் சேர்த்து 17 பிளாக், மொத்தம் சுமார் 245 வோல்ட். அதைக் குளிர வைப்பது நாம் உட்கார்ந்திருக்கும் கேபின் காற்றுதான், ஒரு சின்ன ஃபேன் அதை உள்ளே இழுக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்து காட்பாடி ரோட்டுப் புழுதியில் தினமும் ஓட்டினால் அந்தப் புழுதி எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். போன மே மாதம் பெங்களூரிலிருந்து திரும்பும்போது பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் ஊய் என்று ஒரு சத்தம், அஞ்சு நிமிஷத்தில் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் திறந்துகூடப் பார்க்காமல் பேட்டரியை மாற்றணும், லட்சக்கணக்கில் ஆகும் என்றார்கள். அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பின்சீட்டைக் கழற்றி ஃபேனை வெளியே எடுத்தார். இறக்கை ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிறத்தில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் பட்டையாக உரிந்து வந்தது. பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து மாட்டினார், கூலி 1,500 ரூபாய். அதற்குப் பிறகு அந்த விளக்கு எரியவே இல்லை.

அதனால் வாங்கும் முன் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டு 17 பிளாக்கின் வோல்டேஜையும் வண்டி ஓடும்போது பாருங்கள். எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும், ஒன்று மட்டும் ஏறி இறங்கினால் அந்த பிளாக் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம். பேட்டரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 (P0A80) என்ற பிழைக் குறியீடு வந்தால் விலையை அடித்துப் பேசுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற ஒயரை மட்டும் யாரும் தொட வேண்டாம், உயிர் விஷயம்.

டிக்கியில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் உண்மையில் அடிக்கடி தொல்லை தரும். ரெண்டு வாரம் எடுக்காமல் நிறுத்தினால் வண்டி உயிரே பெறாது. கடையில் கையில் கிடைத்ததை மாட்டிவிடாதீர்கள், அதற்கென்று உள்ள ரகம்தான் வேண்டும். அப்புறம், வண்டி நீளம், பெரிய ஸ்பீடு பிரேக்கரில் நடுவயிறு உரசும், சாய்த்து ஏற்றணும்.

மைலேஜ் எனக்கு ஹைவேயில் 16, ஊருக்குள் 14. கிரீன் சர்க்கிளில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் இந்த வண்டியின் அருமை தெரியும். ஏ.சி. கம்ப்ரஸர் பேட்டரியிலேயே ஓடுவதால் இன்ஜின் அணைந்திருக்கும், காற்று மட்டும் ஜில்லென்று வந்துகொண்டே இருக்கும். அப்பாவை சி.எம்.சி.க்குக் கூட்டிப்போகிற நாட்களில் அவர் பின்சீட்டில் கால் நீட்டித் தூங்கிவிடுகிறார். இந்த வருஷம் அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாலேயே ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்ய மெக்கானிக்கிடம் நாள் வாங்கிவிட்டேன்.