30,000 டாலர், பின்சக்கர இழுவை: ஜிஆர்86, எம்எக்ஸ்-5, மஸ்டாங் – யார் எங்கே கைவைத்தார்கள்?

அமெரிக்காவின் 2024 மாடல் விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தால், டொயோட்டா ஜிஆர்86, மாஸ்டா எம்எக்ஸ்-5, நான்கு சிலிண்டர் ஃபோர்டு மஸ்டாங் மூன்றின் அடிப்படை மாடல்களும் 29,000 டாலரை ஒட்டியும் 31,000 டாலருக்குள்ளும் அடங்கிவிடுகின்றன. மூன்றும் ரியர் வீல் டிரைவ். மூன்றையும் ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் விற்கிறார்கள். இந்த விலைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தர வேண்டுமென்றால் எங்கேயாவது கைவைத்தே ஆக வேண்டும். டொயோட்டா ஓரிடத்தில் கைவைத்தது, மாஸ்டா வேறோரிடத்தில், ஃபோர்டு இன்னோரிடத்தில். பவர் எவ்வளவு என்று அலசுவதைவிட, எதைக் குறைத்தார்கள் என்று பார்த்தால் எதை வாங்குவது என்பது சீக்கிரம் தெளிவாகிவிடும் என்பது என் கட்சி.

எண்களை முதலிலேயே முடித்துவிடலாம். ஜிஆர்86: 2.4 லிட்டர் எஞ்சின், 228 குதிரைத்திறன், எடை சுமார் 1,275 கிலோ. எம்எக்ஸ்-5: 2 லிட்டர், 181 குதிரைத்திறன், துணிக்கூரை மாடல் சுமார் 1,065 கிலோ. மஸ்டாங்: 2.3 லிட்டர் டர்போ, 315 குதிரைத்திறன், எடை 1,600 கிலோவுக்கு மேல். டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்தால் மஸ்டாங்குக்கு ஏறக்குறைய 195, ஜிஆர்86-க்கு 179, எம்எக்ஸ்-5-க்கு 170. 315-க்கும் 181-க்கும் இடையே மலையாகத் தெரிந்த வித்தியாசம், எடையைச் சேர்த்ததும் மேடாகிவிட்டது. நேர் ரோட்டில் மஸ்டாங்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. மற்ற இரண்டும் 60 மைல் வேகத்தைத் தொட ஆறு நொடி வாக்கில் எடுத்துக்கொள்ளும். இன்று குடும்பத்துக்கென்று வாங்கும் எலெக்ட்ரிக் கார்கள் பலவும் அதைவிட வேகம்.

பிறகு எதற்கு இந்தக் கார்கள்? டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் எல்லையில் 'டெயில் ஆஃப் தி டிராகன்' என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. 11 மைலுக்குள் 318 வளைவுகள். வேக வரம்பு மணிக்கு 30 மைல். அங்கே 315 குதிரைகளை அவிழ்த்துவிட இடமே கிடையாது. ஆக்சிலரேட்டரை அழுத்திய மறுநொடி அடுத்த வளைவு, உடனே பிரேக். எடை கூடிய காரில் ஒவ்வொரு பிரேக்கிலும் அத்தனை கிலோவும் மூக்கில் வந்து இறங்கும், அதைத் திருப்பி மறுபக்கம் சாய்ப்பதற்குள் இன்னொரு வளைவு வந்துவிடும். எடை குறைந்த காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே மூக்கு திரும்புகிறது. முன்சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டும்தான். தள்ளுவது பின்சக்கரங்களின் பொறுப்பு. அதனால் வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் முதுகைப் பிடித்து முன்னே தள்ளுவது போலிருக்கும். ஸ்டீயரிங் எந்தப் பக்கமும் பிடித்து இழுக்காது. லைசென்ஸுக்கு ஆபத்தில்லாத வேகத்திலேயே காரின் எல்லை வரை போய்ப் பார்க்கலாம். 500 குதிரைத்திறன் காரில் அந்த எல்லையைத் தேடினால் போலீஸ்காரர்தான் முதலில் வருவார்.

ஜிஆர்86

டொயோட்டா தனியாகச் செய்திருந்தால் இந்த விலை வந்திருக்காது. எஞ்சினும் தொழிற்சாலையும் சுபாருவுடையவை. ஜப்பானின் குன்மா மாகாணத்தில் ஓட்டா நகரத்து ஆலையிலிருந்து, ஒரே கார் டொயோட்டா முத்திரையோடும், பிஆர்இசட் என்ற பெயரில் சுபாரு முத்திரையோடும் வெளிவருகிறது. முதல் தலைமுறை 2012-ல் வந்தது. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா. பெயரில் உள்ள 86, எண்பதுகளில் டொயோட்டா விற்ற ஏஇ86 கொரோலாவின் நினைவு: 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின்சக்கர இழுவை. அந்தக் காரை மலைப்பாதைகளில் வழுக்கவிட்டு ஓட்டிப் பெயர் வாங்கியவர்தான் 'டிரிஃப்ட் கிங்' கெய்ச்சி சுச்சியா. 2012 காரின் எஞ்சினில் சிலிண்டர் விட்டமும் 86 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரமும் 86 மி.மீ. ரசிகர்களுக்கு இது போதாதா!

பொறியாளர் டெட்சுயா டாடாவும் அவர் ஆட்களும் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது டயர். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அகலமான, ஒட்டிப் பிடிக்கும் டயர்தான் போடுவார்கள். இவர்கள் 215 அகலத்தில் மிஷெலின் ப்ரைமசி போட்டார்கள். ப்ரியஸ் ஹைபிரிடிலும் வருகிற, எரிபொருள் சிக்கனத்துக்கான ரகம். பிடிப்பு குறைந்தால் பின்பக்கம் குறைந்த வேகத்திலேயே அசையத் தொடங்கும், அசைவதும் மெதுவாக, சொல்லிவிட்டு அசையும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் அமையாது. இப்போதைய ஜிஆர்86-ன் அடிப்படை மாடலிலும் 17 அங்குலச் சக்கரத்தில் ப்ரைமசிதான். கூடுதல் காசு கொடுத்தால் 18 அங்குலமும் பைலட் ஸ்போர்ட் 4-ம் கிடைக்கும். சாலையில் ஓட்ட மட்டும் என்றால் 17 அங்குலமே போதும் என்பேன். டயர் மாற்றும்போது பில்லும் குறையும்.

முதல் தலைமுறையின் பெரிய குறை எஞ்சினின் நடுப்பகுதி. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போனதும் இழுவை சட்டென்று குழியில் விழும். 4,500-ஐத் தாண்டினால்தான் மறுபடி உயிர் வரும். லாரியைத் தாண்டலாம் என்று மூன்றாவது கியரில் மிதித்தால் நேராக அந்தக் குழிக்குள் போய் மாட்டுவோம். பலர் இந்தக் காரை வாங்கிய கையோடு டர்போ மாட்டக் கிளம்பியதற்குக் காரணமே இதுதான். 2021-ல் அறிமுகமான ஜிஆர்86, எஞ்சினை 2.4 லிட்டராக்கி அதைத் தீர்த்துவிட்டது. உச்ச டார்க் (சுழற்றும் விசை), அதாவது 249 என்.எம்., இப்போது 3,700 சுற்றிலேயே கிடைக்கிறது; பழையதில் அதற்கு 6,400 வரை காத்திருக்க வேண்டும். எஞ்சின் பெரிதாகியும் கார் சுமார் 20 கிலோதான் கூடியிருக்கிறது. கூரை, பானட், முன்பக்க மட்கார்டு எல்லாம் அலுமினியம்.

சரி, எங்கே கைவைத்தார்கள்? உள்ளே உட்கார்ந்து ஓட்டினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். டயர் வாரியடிக்கும் பொடிக்கற்கள் சக்கர வளைவுக்குள் படபடவென்று மோதுவது காதுக்குள் விழுகிறது. ஹைவேயில் டயர் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வால்யூமைத் திருகிக்கொண்டே போக வேண்டும். டாஷ்போர்டில் தட்டினால் கடினமான பிளாஸ்டிக். எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக வேறு கூட்டிக் காட்டுகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஒட்டவில்லை, உரிமையாளர்கள் பலர் இணைப்பையே கழற்றிவிடுகிறார்கள். பின்சீட்டில் பெரியவர்கள் உட்கார முடியாது. ஆனால் அதை மடக்கிவிட்டால் நான்கு டயர்களை உள்ளே போட்டுக்கொண்டு ரேஸ் டிராக்குக்குப் போகலாம். முதல் தலைமுறையை வடிவமைக்கும்போதே அப்படித் திட்டமிட்டிருக்கிறார்கள்.

ஜிஆர்86-ல் இருக்கும் சுபாருவின் பாக்ஸர் ரக எஞ்சினுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருப்பதால் காரின் கனம் தரையை ஒட்டி இறங்குகிறது, வளைவில் அது வரம். ஸ்பார்க் பிளக் மாற்றும்போது அதுவே சாபம்: பிளக்குகள் எஞ்சினின் இரண்டு பக்கமும் சேசிஸை ஒட்டி ஒளிந்திருக்கின்றன, கையை நுழைக்க இடமில்லை. இன்னொன்று, டிராக்கில் நீளமான வலது வளைவுகளில் ஆயில் பிரஷர் விழுவதைத் தனியாக கேஜ் மாட்டிப் பார்த்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். சாலையோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இது கவலை இல்லை. டிராக் நாட்களுக்கென்றே வாங்குகிறவர்கள் ஆயில் அளவைக் குறைய விடக் கூடாது.

சுபாரு பிஆர்இசட்டா, ஜிஆர்86-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சுபாருவில் முன் ஸ்பிரிங் சற்று இறுக்கம், பின்னால் சற்று இளக்கம். அதனால் பின்பக்கம் அடக்கமாக இருக்கும். டொயோட்டாவில் அது தலைகீழ், வால் கொஞ்சம் துள்ளும். எந்த டீலர் கூடுதல் தொகை கேட்காமல் தருகிறாரோ அவரிடம் வாங்குங்கள்.

எம்எக்ஸ்-5

1989-ல் சிகாகோ கண்காட்சியில் முதல் எம்எக்ஸ்-5 வந்தபோது எடை ஒரு டன்னைத் தொடவில்லை. முப்பத்தைந்து வருடங்களில் ஏர்பேக், மோதல் பாதுகாப்பு, திரை, கேமரா எல்லாம் ஏறியும் இன்றைய கார் அதைவிட நூறு கிலோ சொச்சம்தான் கூடுதல். மற்ற கார்கள் இதே காலத்தில் எவ்வளவு பருத்துவிட்டன என்று யோசித்தால் மாஸ்டாவின் பிடிவாதம் புரியும்.

இங்கே கைவைத்தது இடத்தில். டாஷ்போர்டில் வழக்கமான கிளவ்பாக்ஸ் கிடையாது. பத்திரங்களை இரண்டு சீட்டுக்கும் நடுவில், முதுகுப் பக்கம் இருக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். காபி டம்ளர் வைக்கும் வளையம் முழங்கைக்குப் பின்னால் இருக்கிறது, திரும்பி எடுப்பதே ஒரு யோகாசனம். டிக்கி சுமார் 130 லிட்டர்: இரண்டு மென்மையான பைகள், அவ்வளவுதான். ஜிஆர்86-ல் சுமார் 178 லிட்டரும் மடங்கும் பின்சீட்டும் இருப்பது இந்த இடத்தில்தான் பெரிய விஷயமாகத் தெரியும். உயரமானவர்கள் உட்கார்ந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியே 2019 மாடலில்தான் வந்தது.

ஆனால் ஓட்டுகிற சுகம் என்று பார்த்தால் இந்த மூன்றில் இதுதான் முதல் என்று தயங்காமல் சொல்வேன். கியரை மாற்றத் தோள் அசைய வேண்டியதில்லை; மணிக்கட்டை ஆட்டினால் சிறு 'டிக்'கோடு போய் விழுகிறது. துணிக்கூரைக்கு மோட்டார் இல்லை. நடுவில் ஒரு கொக்கி. அதை விடுவித்துக் கூரையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினால் முடிந்தது, சிக்னல் பச்சையாவதற்குள் வானம் திறந்துவிடும். வளைவில் கார் தாராளமாகச் சாய்கிறது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. சாய்வு கூடக் கூட டயர் எவ்வளவு உழைக்கிறது என்று இடுப்புக்குத் தெரிகிறது என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

கூப்பேதான் வேண்டுமென்றால் ஆர்எஃப் என்ற கடினக்கூரை மாடல் இருக்கிறது. மோட்டார் 13 நொடியில் கூரையை மடக்கிவைக்கும். அழகில் அதற்கு மார்க் போடலாம். ஆனால் எடை சுமார் 45 கிலோ கூடுகிறது, விலை பல ஆயிரம் டாலர் ஏறுகிறது, கூரையைத் திறந்து ஹைவேயில் போனால் காதருகே காற்று அடிக்கிறது. குறைந்த விலை, குறைந்த எடை என்ற இரண்டு நியாயங்களையும் ஒரே அடியில் இழந்துவிடுகிறது. துணிக்கூரையே மேல். அதிலும் அடிப்படை ஸ்போர்ட் மாடலில் எல்எஸ்டி கிடையாது. கிளப் மாடலுக்குப் போனால்தான் உண்டு. ஒரு பின்சக்கரம் பிடிப்பை இழந்து சுழன்றாலும் மற்றதற்குச் சக்தியைத் தரும் பாகம் அது. ஜிஆர்86-ல் அடிப்படை மாடலிலேயே இருக்கிறது. விலைப்பட்டியலை ஒப்பிடும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

பெட்ரோல் கணக்கில் எம்எக்ஸ்-5 தனி ரகம். அமெரிக்க அரசின் அளவீட்டில் லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜிஆர்86 மேனுவல் 10-ஐக் கூடத் தொடாது. 315 குதிரை மஸ்டாங்கே அதைவிட அதிகம் தருகிறது என்பதைப் பார்க்கும்போது சிரிப்புதான் வருகிறது.

மஸ்டாங்

பின்சீட், சுமார் 380 லிட்டர் டிக்கி, அமைதியான ஹைவே ஓட்டம், முரட்டு இழுவை. நால்வர் வீட்டுக்கு இது ஒன்றுதான் ஓரளவு ஒத்துவரும். ஃபோர்டு வெட்டியது கிளட்ச் பெடலை. 2024 மாடலாக வந்த புதிய தலைமுறையில் நான்கு சிலிண்டர் மாடலுக்கு 10 வேக ஆட்டோமேட்டிக் மட்டும்தான். மேனுவல் கியர் வேண்டுமென்றால் வி8-க்கு மாறி 40,000 டாலருக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். இந்த ஒப்பீட்டுக்கு வரும் வாசகர்களில் பாதிப்பேர் இந்த வரியிலேயே மஸ்டாங்கை அடித்துவிடுவார்கள். இந்த மூன்றில் இந்தியாவுக்கு முறையாக வந்ததும் மஸ்டாங் மட்டும்தான். 2016-ல், வி8 எஞ்சினோடு, டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம். மலிவு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

என் தேர்வு: வீட்டில் இருப்பதே ஒரு கார் என்றால் ஜிஆர்86, மேனுவல், 17 அங்குலம். சாமான் சுமக்க வேறு கார் இருக்கிறது என்றால் எம்எக்ஸ்-5 கிளப், துணிக்கூரை.

30,000 கையில் இல்லாதவர்கள் 2012 முதல் 2020 வரையிலான முதல் தலைமுறை 86-ஐ செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம். முடிந்தால் 2017-க்குப் பிந்தையது. அதில் மேனுவலுக்கு 205 குதிரைத்திறன் தந்து, பின் ஆக்சில் கியர் விகிதத்தையும் மாற்றியதால் அந்த நடுக்குழி கொஞ்சம் குறைவாகத் தெரியும். ஆரம்ப வருட வண்டி என்றால், வால்வு ஸ்பிரிங்குக்காக 2018 கடைசியில் வந்த ரீகால் வேலை நடந்ததா, எங்கே நடந்தது என்று பில்லோடு கேளுங்கள். அதற்கு எஞ்சினையே வெளியே எடுத்துப் பிரிக்க வேண்டும். மறுபடி மூடும்போது பூசும் சீலன்ட் அதிகமாகி ஆயில் பாதைக்குள் போனால் எஞ்சின் காலி. எம்எக்ஸ்-5-ல் 2016-ஐ ஒட்டிய கார்களில் கியர்பாக்ஸ் உடைந்த புகார்கள் உண்டு. மாஸ்டா பின்னால் பாகங்களை மாற்றி வலுப்படுத்தியது. ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியர்களைச் சூடான எஞ்சினில் வேகமாக மாற்றிப் பாருங்கள். உறுமலோ உரசலோ கேட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த விளம்பரத்தைப் பார்க்கலாம்.