வெலிகமவா, அறுகம்குடாவா?

கடலில் அலைச்சறுக்கவும் கரையில் கூடாரம் அடிக்கவும் கொழும்பிலிருந்து வெள்ளி பின்னேரம் கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டிய மாணவர் கூட்டத்துக்குத் தென்கரையிலுள்ள வெலிகமதான் வசதி. கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினால் கடலைப் பார்த்தபடியே போய் இறங்கலாம். அடியில் மணல் என்பதால், முதன்முறை பலகையில் ஏறுகிறவர் பத்துத் தடவை விழுந்தாலும் பெரிய காயமில்லை. கூடாரம் அடிக்கத்தான் கரையில் நெரிசல்.

கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடா 300 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸிலேயே ஓர் இரவு போய்விடும். அங்கே அலைச்சறுக்கும் இடங்களில், மெயின் பாயிண்டில் அடியில் பாறை, புதியவர்கள் பேபி பாயிண்டோடு நின்றுகொள்ளலாம். ஆனால் பீனட் ஃபார்ம் கடற்கரைப் பக்கம் கூடாரத்தில் படுத்த இரவு இன்னும் நினைவிருக்கிறது: சோற்றில் மணல், முளையைப் பிடுங்கும் காற்று, அப்படியும் ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

அப்புறம், மாதத்தைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை அறுகம்குடா. டிசம்பர் முதல் மார்ச் வரை வெலிகம. திங்கள் காலை பரீட்சை இருந்தால் அறுகம்குடா வேண்டாம்.