ஹட்டியும் லைன் வீடுகளும்

நீலகிரியின் படகர் இன மக்கள் வாழும் ஹட்டி எனும் ஊரில் பிறப்பே ஒருவரை உள்ளே சேர்த்துவிடுகிறது. உறவு, நிலம், அவர்களின் குலதெய்வமான ஹெத்தையம்மன் திருவிழா எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை. ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் டோனியஸ் 1887-இல் இத்தகைய இயல்பான பிணைப்பைத்தான் சமுதாயம் என்று சொல்லி, பயன் கருதிச் சேர்ந்த கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டினார்.

நீலகிரித் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள், அதாவது தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகள், அந்த இரண்டாம் வகையாகவே தொடங்கின. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த பலருக்கு அண்டை வீட்டாரை நிர்வாகமே முடிவு செய்தது. பதிவேட்டில் அடுத்தடுத்த பெயர்கள், அவ்வளவே (கப்பலில் ஒன்றாக வந்தவர்கள்கூடப் பிரிந்துபோனார்கள்). ஆனால் ஒரே நிரையில் கொழுந்து பறித்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரு வீட்டுச் சாவை எல்லா வீடும் சுமந்தபோது 'நம்மவர்கள்' என்ற சொல் பிறந்தது. சமுதாயத்துக்கு வேண்டியவை என்று சமூகவியலாளர் மக்கைவர் வலியுறுத்திய இடமும் 'நாம்' என்ற உணர்வும் இங்கே இருக்கின்றன. பூர்விகம் கேட்டு, இவர்கள் சமுதாயம் அல்ல என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.