பில்லில் ‘அப்டேட் செய்யப்பட்டது’, டிஸ்கில் அதே பழைய ஃபேர்ம்வெயார்

திருகோணமலை நகரில் ஒரு கடையில், எஸ்எஸ்டியின் ஃபேர்ம்வெயாரை அப்டேட் செய்யச் சொல்லி என் அக்கா தன் லப்டொப்பைக் கொடுத்தார். எஸ்எஸ்டி என்பது சிப்புகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்; ஃபேர்ம்வெயார் என்பது அந்த டிஸ்குக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள். திரும்பி வந்தபோது டிஸ்க் ஃபோமட் செய்யப்பட்டிருந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போய், லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் ஏறியிருந்தது. பில் 8,500 ரூபா. கேட்டுக்கொடுத்த வேலை மட்டும் நடக்கவில்லை. கடையின் பெயரை நான் போடவில்லை. இதே ஏமாற்று வேறு எந்தக் கடையில் நடந்தாலும் உங்களுக்குப் பிடிக்கத் தெரிய வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்.

அக்கா உவர்மலையில் டியூஷன் எடுக்கிறார். வினாத்தாள், புள்ளிகள், பிள்ளைகளின் விபரம் எல்லாம் அந்த லப்டொப்பில்தான். உள்ளே இருப்பது சாம்சங் 980 புரோ, 2 டிபி. அந்த மொடலில் 3பி என்று தொடங்கும் ஃபேர்ம்வெயாருக்கு ஒரு கோளாறு உண்டு: டிஸ்க் திடீரென்று எழுத விடாமல் பூட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க 5பி என்று தொடங்கும் பதிப்பு வந்தது. 2023 தொடக்கத்தில் இது பரவலாகப் பேசப்பட்டது. பூட்டிக்கொண்ட டிஸ்கை அப்டேட் காப்பாற்றாது, அதற்கு முன்பே போட வேண்டும். ஃபேர்ம்வெயார் பிழையைச் சின்ன விடயம் என்று நினைக்காதீர்கள். எச்பிஈ நிறுவனத்தின் சில சேர்வர் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணித்தியாலம் ஓடியதும் செத்துப்போகும் என்று 2019 நவம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது. அதற்கும் மருந்து ஃபேர்ம்வெயார் அப்டேட்தான்.

நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அதனால் அக்கா கடைக்குப் போனார். கொடுக்க முன்னரே எல்லாவற்றையும் வெளி ஹாட் டிஸ்கில் பிரதி எடுத்தார். ‘ஃபேர்ம்வெயார் மட்டும், ஃபோமட் செய்ய வேண்டாம்’ என்று தாளில் எழுதி மூடியிலேயே ஒட்டியும் கொடுத்தார். பிறகு அவருக்குக் கிடைத்த பதில் இது: “ரீச்சர், லினக்ஸ்ல இது செய்யேலாது. விண்டோஸ் போட்டுத்தான் செய்தனாங்கள். பழைய ஃபைல் வேணுமெண்டா ரிகவரி செய்து தரலாம், அதுக்கு வேற காசு.”

இதில் ஒரு சொல்லும் உண்மையில்லை.

லினக்ஸில் இதற்கென்றே எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி உண்டு. உபுண்டுவில் அது ஏற்கெனவே இருக்கும். உற்பத்தியாளர்கள் எல்விஎஃப்எஸ் என்ற பொதுக் களஞ்சியத்தில் போடும் ஃபேர்ம்வெயாரை அது எடுத்து ஏற்றும். அக்காவின் டிஸ்குக்கு அங்கே எதுவும் வரவில்லை. சரி, அப்படியானால் சாம்சங் தன் தளத்திலேயே, பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க உதவும் ஒரு ஐஎஸ்ஓ கோப்பைத் தருகிறது. அதைப் பென் டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்தால் போதும். அந்த ஐஎஸ்ஓவுக்குள் இருப்பதே ஒரு சின்ன லினக்ஸ்தான்! லினக்ஸில் முடியாது என்று ஒரு ஆசிரியைக்குச் சொல்லிக் காசு வாங்கியதை நினைக்க எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ரிகவரி கதை அதைவிட மோசம். பழைய ஹாட் டிஸ்கை ஃபோமட் செய்தாலும் ஃபைல்களை மீட்கப் பெரும்பாலும் வழி இருக்கும். எஸ்எஸ்டியில் அப்படியில்லை. ஃபோமட் செய்யும்போது ட்ரிம் என்ற கட்டளை போய்விட்டால் டிஸ்க் அந்த இடங்களைத் தானே துடைத்துவிடும். பிரதி இல்லாத ஒருவர் அந்த நம்பிக்கையில் இன்னும் காசு கொடுத்திருப்பார்.

ஊருக்கு வந்ததும் உபுண்டு பென் டிரைவில் பூட் செய்து, டிஸ்கின் விபரங்களைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓடவிட்டேன். ஃபேர்ம்வெயார் இன்னமும் 3பி. கடைக்குப் போய்க் காட்டினேன். கடைக்காரர் விண்டோஸின் டிவைஸ் மனேஜரைத் திறந்து, சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது என்ற வரியைக் காட்டி, “இதுதான் தம்பி அப்டேட்” என்றார். டிரைவர் என்பது விண்டோஸுக்குள் இருக்கும் மென்பொருள். ஃபேர்ம்வெயார் டிஸ்கின் சிப்புக்குள் இருப்பது. ஒன்றைக் காட்டி மற்றதற்குக் காசு வாங்க முடியாது என்றேன். உடனே பேச்சு மாறியது: டிஸ்க் முடியப்போகிறதாம், நாலு வீதம்தான் மிச்சமாம், புதுசு போடட்டாம். நான் காட்டியதில் அவர் பார்த்தது ‘பெர்சென்டேஜ் யூஸ்ட்’ என்ற வரி. அது தேய்ந்த அளவு. நாலு வீதம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நல்ல டிஸ்கைக் கழற்றி வாங்க நினைத்தாரா, உண்மையிலேயே தெரியாதா, எனக்குச் சொல்லத் தெரியாது. காசு திரும்பி வரவில்லை.

சாம்சங்கின் ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதி, வேலையை வீட்டிலேயே முடித்தோம். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு வசதியை நிறுத்தி, சார்ஜரைச் செருகி, பற்றரி நிறைந்திருப்பதையும் பார்த்துக்கொண்டுதான் தொடங்கினேன். ஃபேர்ம்வெயார் ஏறும் நடுவில் கரண்ட் போனால் டிஸ்கே போய்விடலாம். சில நிமிட வேலை. இப்போது 5பி. இந்த அப்டேட்டால் டிஸ்கில் அப்போது இருந்த ஒரு ஃபைலும் அழியவில்லை.

உங்கள் லப்டொப்பைக் கொடுக்க முன் லினக்ஸ் டெர்மினலில் ‘சூடோ என்விஎம்இ லிஸ்ட்’ கட்டளையை ஓடவிட்டு, மொடல், சீரியல் இலக்கம், ஃபேர்ம்வெயார் பதிப்பு மூன்றும் தெரிய ஃபோனில் படம் எடுங்கள். என்விஎம்இ-சிஎல்ஐ பொதியை நிறுவினால் அது வரும். திரும்ப வாங்கும்போது, காசு கொடுக்க முன், கடையிலேயே அதை மறுபடி ஓடவிடச் சொல்லுங்கள். லினக்ஸை அழித்திருந்தால் உங்கள் பென் டிரைவிலிருந்து பூட் செய்து பாருங்கள். சீரியல் மாறியிருந்தால் டிஸ்கையே மாற்றிவிட்டார்கள். பதிப்பு மாறாவிட்டால் அப்டேட் நடக்கவில்லை. பில்லில் பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் லப்டொப்பை விட்டுவிட்டு வராதீர்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நாங்கள் பில்லையும் ஃபேர்ம்வெயார் பதிப்பைக் காட்டும் இரண்டு படங்களையும் வைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். இதே மொடல் டிஸ்க் வைத்திருக்கும் உப்புவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆட்கள் யாரும் இருந்தால் எழுதுங்கள். பென் டிரைவ் அக்காவிடம் இருக்கிறது, காசு வேண்டாம்.