பி.டி.எஸ்.டி. சிகிச்சை: வீடியோ காலிலா, நேரிலா?

பெரிய அதிர்ச்சி முடிந்த பிறகும் அதன் பயமும் நினைவுகளும் விடாமல் துரத்துவதுதான் பி.டி.எஸ்.டி. பஸ் விபத்தில் தப்பி அப்படித் தவிப்பவருக்கு, கவுன்சலிங்குக்காக மறுபடி பஸ் ஏறுவதே பெரும்பாடு. அவருக்கு வீடியோ கால் வரப்பிரசாதம். சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழக்குவது) போன்ற பேச்சு சிகிச்சைகள் திரை வழியாகவும் நன்றாகவே நடக்கின்றன. கண்களை இடமும் வலமும் அசைத்தபடி அந்த நினைவை எதிர்கொள்ளும் இ.எம்.டி.ஆர்.கூட முடியும்: கண்ணசைவுக்குப் பதிலாகக் கைகளைக் குறுக்கே கட்டி, தோள்களை மாறி மாறி நீங்களே தட்டச் சொல்வார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று பழக வேண்டிய கட்டம் வரும்போது, தெரபிஸ்ட் இயர்போனில் கூடவே வரலாம். நேர் சிகிச்சையில் அது அபூர்வம்.

ஆனால் கேமராவுக்கு முகம்தான் தெரியும். மேசைக்குக் கீழே கால் நடுங்குவது தெரியாது. கொடூரமான நினைவைச் சொல்லும் நடுவில் நெட் போனால்? அதனால் முதல் நாளே உங்கள் முகவரியையும் பக்கத்தில் இருக்கும் ஒருவரின் நம்பரையும் தெரபிஸ்டிடம் கொடுத்துவிடுங்கள்.

ஹாலில் மாமியார் சீரியல் பார்க்கும் இரண்டு அறை வீட்டில் மனம்விட்டுப் பேச முடியுமா என்பது தனிக் கதை. உங்களை அடித்துத் துன்புறுத்தியவரே அதே வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நேரில்தான். தற்கொலை எண்ணம் அலைக்கழித்தாலும் நேரில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

செலவில்லாமல் தொடங்க, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ், 14416. 2022 அக்டோபரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். வாராவாரம் தொடரும் சிகிச்சைக்கு அது மாற்று அல்ல.