மூன்று மார்கழிகளும் மறதிக்கார தெர்மோஸ்டாட்டும்

ஆரணியில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, என் பச்சோந்திக் கூண்டின் மேல் தொங்கும் செராமிக் ஹீட்டரும் குளிரைப் பார்த்து அதை ஓடவிட்டு நிறுத்த அதனுடன் சேர்த்து விற்கும் தெர்மோஸ்டாட்டும் விலை குறைந்திருப்பதாகச் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டார். மூன்று குளிர்காலம் பயன்படுத்தியவனுக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெர்மோஸ்டாட் பழுதாகிச் சரிசெய்யப்பட்டு வீடு திரும்பிப் பத்து நாள்கூட ஆகாத நிலையில், கோபம் ஆறாமலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் பக்கத்துப் புதர்க்காடுகளில் வாழும் இந்தியப் பச்சோந்தியை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அதைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது குற்றம். என்னிடம் இருக்கும் பச்சையப்பன் ஏமன், தென்மேற்கு சவுதி அரேபியா ஆகிய இடங்களுக்குரிய இனத்தைச் சேர்ந்தவன். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம் என்பதால் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யப்பட்டவன். வாங்க நினைப்பவர்கள் ஹீட்டரின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் காகிதங்களைப் பார்ப்பது நல்லது.

வேலூரில் ஹீட்டரா என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். சித்திரையிலும் வைகாசியிலும் பாறைக் குன்றுகளுக்கு நடுவில் வெந்துகொண்டிருக்கும் ஊர் இது. அந்த இரண்டு மாதமும் பச்சையப்பன் வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில்தான் இருப்பான். மற்ற மாதங்களில் அவனுக்கு மொட்டை மாடிதான் வீடு. நான்கடி உயர வலைக்கூண்டு, உள்ளே இரண்டு செம்பருத்திச் செடிகள். இலையையும் தின்பான், அதிலேயே தூங்கவும் செய்வான். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுவிடுகிறது; அது நேரடியாகக் கிடைத்தால்தான் எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி உடலில் உருவாகும் என்பதால்தான் வெளியே வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்து தை முடியும்வரைதான் சிக்கல்.

மொட்டை மாடியின் குளிர் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குப் புரியாது. மேகமில்லாத மார்கழி இரவில் கூண்டின் மேல்தகடும் இலைகளும் தங்கள் வெப்பத்தை நேராக வானத்துக்கே விட்டுவிடுகின்றன. அதனால் கூடத்துச் சுவரில் இருக்கும் வெப்பமானி 22 டிகிரி காட்டும் வேளையில், மாடியில் வெட்டவெளியில் வைத்த மானி 16க்கு இறங்கியிருக்கும், விடியற்காலையில் செம்பருத்தி இலையிலிருந்து பனி சொட்டும். குளிர் மட்டுமென்றால் பச்சோந்தி தாங்கிக்கொள்ளும். குளிரும் ஈரமும் சேர்ந்து நாள்கணக்கில் நீடித்தால்தான் சளி பிடிக்கும், வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கும், அதன் பிறகு மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஹீட்டரைப் பற்றி எனக்குக் குறையே இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 60 வாட்; திருகு புரி உள்ள பல்பு ஹோல்டரில் பொருந்தும்; ஆனால் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும், பீங்கான் ஹோல்டர்தான் போட வேண்டும். இதன் பெரிய நன்மை, துளிகூட வெளிச்சம் வராது. கோழிக்குஞ்சுக்கும் லவ்பேர்ட்ஸுக்கும் குண்டு பல்பு போடுகிற வழக்கத்தில் நானும் முதலில் அதைத்தான் போட்டேன். அவன் இரவு முழுவதும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து உழன்றான். சிவப்பு பல்பும் அப்படித்தான், அந்த நிறம் அதன் கண்ணுக்குத் தெரிகிறது. செராமிக் மாட்டிய அன்று இரவு கைவிளக்கைத் துணியால் மூடிக்கொண்டு பார்த்தேன்: வெளிறிய பச்சையில், வாலை மத்தாப்பு வளையம்போலச் சுருட்டி, இரு கண்ணும் குழிந்து உள்வாங்கித் தூங்கிக்கொண்டிருந்தான். செலவும் பெரிதில்லை. பத்து மணி நேரம் விடாமல் ஓடினாலும் 0.6 யூனிட், இரண்டு மாதம் தினமும் அப்படி ஓடினாலும் 36 யூனிட்தான், அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டுக்குள் எங்கள் வீட்டில் அது தெரிவதே இல்லை.

முதல் குளிர்காலம் முழுவதும், தெர்மோஸ்டாட்டுக்கு வெப்பத்தை உணர்ந்து சொல்லும் சென்சாரை எங்கே வைப்பது என்பதிலேயே போனது. ஹீட்டருக்கு நேர் கீழே வைத்தால், சூட்டை முதலில் அது உணர்ந்து ஐந்து நிமிடத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும். தூங்கும் கிளையோ குளிர்ந்தே கிடக்கும். வெளி ஓரத்தில் தொங்கவிட்டால் காற்று பட்டுப் பட்டு இரவெல்லாம் ஹீட்டர் ஓடும். அவன் வழக்கமாகத் தூங்கும் கிளையில், உடலிலிருந்து ஒரு சாண் தள்ளி, பனித்துளி நேராக விழாதபடி ஓர் இலைக்கு அடியில் கட்டிய பிறகுதான் எண்ணும் நடப்பும் ஒத்துப்போயின. ஹீட்டரை வலைக்கு மேலே ஓரடி உயரத்தில்தான் தொங்கவிட வேண்டும். தலைக்கொண்டை சுடுவதைப் பச்சோந்தி உணர்ந்து நகர்வதற்குள் தோல் வெந்துவிடும்.

இனி தெர்மோஸ்டாட். இதைச் செய்தவர் மின்தடையே இல்லாத ஊரில் பிறந்து வளர்ந்திருக்க வேண்டும். கரண்ட் ஒரு விநாடி போய் வந்தாலும் இது எல்லாவற்றையும் மறந்துவிடும். திரையில் இரண்டு சிறிய கோடுகள் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். நாம் போய் நடுப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்து, 18 என்ற எண்ணை மீண்டும் ஏற்றி, இன்னொரு முறை அழுத்தினால்தான் ஹீட்டருக்கு மின்சாரம் விடும். பகலில் வரும் மின்தடையைப் பற்றிக் கவலையில்லை. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போய் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால், தூங்கும் மனிதனுக்கு அது எப்படித் தெரியும்? இன்வெர்ட்டர் இணைப்பை மாடிக்கு இழுக்கலாமே என்பீர்கள், இழுத்தேன். மாறும் அந்தக் கண நேர இடைவெளியே இதன் மறதிக்குப் போதுமானதாக இருக்கிறது. திருகும் குமிழ் வைத்த பழைய மாடல்களில் இந்தத் தொல்லை கிடையாது. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் கட்டளை. எண் ஒளிரும் திரைக்கு ஆசைப்பட்டது என் தவறு.

இரண்டாம் ஆண்டு மார்கழியில் அப்படி ஓர் இரவு வந்தது. காலை ஆறரைக்கு மாடிக்குப் போனால் கோடுகள் மின்னிக்கொண்டிருந்தன. இரவில் இறங்கிய மிகக் குறைந்த வெப்பத்தைக் காட்டும் மானியில் 14.8 என்று இருந்தது. கல்லில் செதுக்கியதுபோல் அசைவற்றிருந்தான். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. வெயில் சத்துவாச்சாரிப் பக்கக் குன்றைத் தாண்டிக் கூண்டின் மேல் விழுந்ததும், அவன் மெதுவாகக் கிளையின் நுனிக்கு வந்தான். வெயில் பட்ட விலாப்புறத்தை மட்டும் கருப்பாக்கி, உடலைப் பூவரசு இலைபோலத் தட்டையாக்கிக் காட்டினான். அந்தப் பக்கம் கறுப்பு, இந்தப் பக்கம் பச்சை. அரை மணி நேரத்தில் கறுப்பு வடிந்தது, வெட்டுக்கிளிக்கு நாக்கு நீண்டது. மூன்று ஆண்டுகளில் நான் கண்ட அழகான காட்சி அதுதான். அதை எனக்குக் காட்டியது இந்தச் சாதனத்தின் குறை என்பதைக் கோபத்தோடு பதிவு செய்கிறேன்.

பிறகுதான் நிதானமாக யோசித்தேன். அவன் இனம் வாழும் இடங்களில் உயர்ந்த மலைப்பகுதிகளும் உண்டு. பகல் சூடாகவும் இரவு குளிராகவும் இருக்கும் நிலம் அது. நன்றாக வளர்ந்த, நோயில்லாத ஆண் பச்சோந்தி இரவில் 15 டிகிரி வரை பெரிய தொல்லையில்லாமல் தாங்கும். மறுநாள் காலை நல்ல வெயிலும், இரவில் காற்றுக்கும் பனிக்கும் மறைப்பும் இருந்தால் போதும். இரவுக் குளிர்ச்சி அவனுக்குத் தேவையும்கூட. இரவு பகல் என்றில்லாமல் சூட்டிலேயே இருந்தால் உடலில் நீர் வற்றும். குஞ்சுகளுக்கும் நோயுற்றவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அன்றிலிருந்து கூண்டின் மேலே இரண்டு கோணிப்பை, மூன்று பக்கம் தார்ப்பாய், ஹீட்டர் தொங்கும் இடத்தில் மட்டும் இரண்டடி திறப்பு. எண்ணை 18இலிருந்து 16ஆகக் குறைத்தேன். வானத்தைப் பார்க்காத கூண்டு அவ்வளவாகக் குளிர்வதில்லை. பல இரவுகளில் ஹீட்டர் ஓடவே இல்லை.

இந்த ஆண்டு மறதி போதாதென்று, அதற்கு நேர்மாறான நோயும் வந்தது. ஒரு காலையில் திரை 29 காட்டியது. ஹீட்டர் நிற்கவே இல்லை. பச்சையப்பன் எப்படியோ செடியின் அடித்தண்டுக்கு இறங்கியிருந்தான். லாங் பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு வெட்டும் ரிலே என்ற சுவிட்சைக் கழற்றி, மூடியைப் பெயர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி உருகிக் கருகியிருந்த இரண்டு உலோகப் புள்ளிகளைக் காட்டினார். "இது எதுக்கு தம்பி, குஞ்சுக்கா?" என்றார். பச்சோந்திக்கு என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஓணானுக்குக் குளிருதா?" என்று மட்டும் கேட்டார். பெரிய ரிலேயாகப் போட்டுத் தந்தார். கூலியும் பொருளும் சேர்த்து 150 ரூபாய். அந்த மறதியையும் சரிசெய்ய முடியுமா என்றேன். அது அதன் பிறவிக் குணம் என்றார்.

ஆக, ஹீட்டருக்கு முழு மதிப்பெண் தருவேன். தெர்மோஸ்டாட் சரியான எண்ணைக் காட்டுகிறது, சென்சார் நனைந்தும் பழுதாகவில்லை, திரை இருட்டில் கண்ணைக் கூசாது, வயர் தடிமனாக இருக்கிறது. மூன்று ஆண்டில் ஒருமுறை பழுது என்பதும் பெரிய குற்றமில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே செய்தி அனுப்பினேன். அப்படியென்றால் நீங்கள் ஏன் 150 ரூபாய் கொடுத்துச் சரிசெய்தீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். கோணிப்பை இரண்டு மிச்சம் இருக்கிறது, அடுத்த முறை ஆரணி வரும்போது கொண்டுவருகிறேன் என்று பதில் போட்டேன். எழுதி முடிக்கும்போது பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் கூவுகிறது. மாடிக்குப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வர வேண்டும்.